நகைக்கடைத் தராசில் ஏறிய தேனீக்காரர்

உட்லண்ட்ஸ் பன்னிரண்டாம் மாடியில் கோபமாக வீற்றிருக்கும் கமலம் அக்காவுக்கு, தெம்பனிஸிலிருந்து தம்பி இராமசாமி விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நலமா என்று கேட்கத் தைரியமில்லை. என் போனை நீ எடுப்பதில்லை; அதனால்தான் கடிதம்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயதில், தேக்கா கடைத்தெரு நகைக்கடையில், தங்கம் நிறுக்கிற தராசில் பொம்மையை எடை போட்டேன். நடந்தது அவ்வளவுதான். என் மகள் ரக்ஷனாவுக்கு மாப்பிள்ளையும் பார்க்கவில்லை, உன்னிடம் மறைத்து நிச்சயமும் செய்யவில்லை. அந்தக் கடையில் குன்றிமணித் தங்கம்கூட வாங்கவில்லை, சத்தியம்!

பிள்ளைகள் பொருத்திப் பொருத்தி வீடு, வண்டி கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைப் பெட்டிகளை நான் சேர்ப்பது உனக்குத் தெரியும். ஊரெல்லாம் வைத்திருக்கும் போலீஸ் நிலையம், தீயணைப்பு வண்டி எனக்கு ஆகாது. பல் டாக்டர் நாற்காலி, சாக்கடை அள்ளும் லாரி என்று யாரும் சீந்தாதவைதான் என் செல்வம். கணக்கும் பொறுமையும் வரும், கல்விக்கு நல்லது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். யாருடைய கல்விக்கு என்று கேட்காதே. மகள் வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. இப்போது வந்திருப்பது, உள்ளே என்ன பொம்மை என்று தெரியாதபடி ஒட்டிய சின்னப் பாக்கெட். பன்னிரண்டில் ஒன்றில்தான் தேனீ வளர்ப்பவர் இருப்பார். கையில் தேன்கூடு இருப்பதால் அவர் மட்டும் மற்றவரைவிட அரை கிராம் கூடுதல் கனம். பிரிக்காததைத் திருப்பித் தரலாம் என்று பொம்மைக் கடைக்காரர் சொன்னதால் பன்னிரண்டையும் அள்ளிக்கொண்டு வந்தேன். மளிகைக் கடைத் தராசு அரை கிராமை மதிக்கவில்லை. மதிக்கிறவர் யார்? என் பள்ளித் தோழர், நகைக்கடை ஜலாலுதீன் பாய். அவர் நிறுக்க, நான் எழுதிக்கொள்ள, ஒன்பதாவது பாக்கெட்டில் எண் துள்ளியது. பிரித்தால் தேனீக்காரரே! சந்தோஷத்தில் பாயைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து நம் சித்தி மகள் உமாமகேஸ்வரி கண்ணாடிக்கு வெளியே நின்றிருக்கிறாள்.

அவள் கல்யாண நகை என்று உன்னிடம் ஓத, நீ என் வீட்டுக்காரி கண்மணிக்குப் போன் போட்டு, "தொட்டில்ல போட்டுப் பேர் வச்சவ நான். கல்யாணத்துக்கு மட்டும் அத்தை வேணாமா? தீபாவளிக்கு உங்க வாசல மிதிக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாய்.

கண்மணி நேரே என்னிடம் வந்தாள். "நகை எங்க?"

"என்ன நகை?"

"பன்னிரண்டு பாக்கெட்டாம்லா! உமா பொய் சொல்வாளா?"

"அது பொம்மைடி."

"பொம்மையா? பாய் கடையிலயா? ஐயோ, நகைதான் வாங்கினேன்னு பொய்யாவது சொல்லியிருக்கலாம்லா, வெளிய தலை காட்டியிருப்பேன்!"

ரக்ஷனா கைப்பேசியை நீட்டினாள். "அப்பா, மாப்பிள்ளை பேரென்னன்னு அத்தை வாட்ஸ்அப்ல கேட்டிருக்காங்க. என்ன ரிப்ளை பண்ண?"

"தேனீக்காரர்னு போடு" என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை.

அக்கா, நீ வந்து தலையில் எண்ணெய் வைக்காமல் எந்தத் தீபாவளிக்கும் நான் குளித்ததில்லை. இப்போது தலையில் முடி இல்லைதான். உனக்கு எண்ணெய் மிச்சம். தீபாவளியன்று, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்துவிடு. நீ வரும்வரை குளிக்க மாட்டேன். அண்டை வீட்டாரை நினைத்தாவது மனமிரங்கு.

அத்தானுக்கு என் வணக்கம். உமாமகேஸ்வரியின் கண்பார்வை நீடூழி வாழ்க.

உன் அன்புத் தம்பி,
இராமசாமி

பி.கு.: நாலாவது பாக்கெட்டிலேயே பாய், "ஏதாச்சும் வாங்குங்க மச்சான், கஸ்டமர்லாம் பாக்குறாங்க" என்று நெளிந்தார். அரைப் பவுனில் ஒரு ஜோடித் தோடு வாங்கினேன். உன் காதுக்குத்தான். கண்மணிக்குத் தெரியாது.