பத்துக்கட்டமும் நானும் ஒரு காலி இடமும்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் நிற்கத் தெரியாத மனுஷி ஒருத்திதான் உண்டு. அவளும் என் அறைக்கே வந்து சேர்ந்தாள். பசுமலையில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அவளுக்குப் பெயர் பத்துக்கட்டம். பல் தேய்ப்பது நடந்துகொண்டே, சாப்பிடுவது நடந்துகொண்டே. தூங்கும்போதும் கால் ஆடும். பக்கத்துக் கட்டிலில் எனக்கு ரயிலில் படுத்த மாதிரி இருக்கும்.

பெயருக்குக் காரணம் கணக்கு. சதவீதக் கணக்கு எது வந்தாலும் வரிசையாகப் பத்துக் கட்டம் போடுவாள். ஒரு கட்டம் பத்து சதவீதம். நோட்டு கிடைக்காவிட்டால் விடுதிக் கண்ணாடியில் கண்மையால் போடுவாள்.

"எம் மூஞ்சி முப்பது சதவீதந்தான்டி தெரியுது" என்று வார்டன் அக்கா தினமும் புலம்புவார்.

ஒருநாள் மாட்டுத்தாவணியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். இவள் உட்காராமல் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தாள்.

"ஏம்மா, பஸ்ஸுதான் போகுதுல்ல, நீ எங்க போற?" என்றார் கண்டக்டர்.

அவள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. என்னிடம் வந்து, "நாப்பது சதவீதம் பேரு எறங்கிட்டாங்க. மிச்சம் முப்பது பேரு. மொதல்ல எம்புட்டுப் பேரு?" என்றாள்.

நான் எம்.எஸ்ஸி. கணிதம். "மொத்தம் எக்ஸ்னு வச்சுக்குவோம்" என்று ஆரம்பித்தேன்.

"எக்ஸ் யாருடி? அப்படி யாரும் ஏறலையே. ஆறு கட்டத்துல முப்பது பேரு, கட்டத்துக்கு அஞ்சு. பத்துக் கட்டத்துக்கு அம்பது. இதுக்குப் போயி ரெண்டு வருசம் படிச்சியா?"

எனக்கு மகா எரிச்சல். ஆனால் அவளை விட்டால் எனக்கு வேறு கதியும் இல்லை. அருகே ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் வேலை ஒன்று காலி. மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். எக்ஸ், ஒய் எதுவும் வரக்கூடாது என்பது நிபந்தனை. அந்த வேலை கிடைக்காவிட்டால் உசிலம்பட்டிக்குத் திரும்பி, பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அதே வேலைக்குப் பத்துக்கட்டமும் மனுப் போட்டிருந்தாள். போட்டிக்காரியான எனக்கு ஒரு வாரம் அவளே கட்டம் போடச் சொல்லிக்கொடுத்தாள், நடந்துகொண்டேதான்.

முதலில் என்னை அழைத்தார்கள். தலைமையாசிரியை கணக்கைப் படித்தார். தோட்டத்தில் முப்பது சதவீதச் செடிகள் வாடிவிட்டன. மிச்சம் எண்பத்து நான்கு. மொத்தம் எத்தனை?

நான் சாக்பீஸை எடுத்தேன். வாய் தானாக, "செடிகள் எக்ஸ் என்க" என்றது.

"மிஸ், எக்ஸ் எந்தச் செடி?" என்று முதல் வரிசைச் சிறுமி கேட்டாள். கட்டம், வாரம் முழுக்கப் படித்தது, எதுவும் நினைவில் இல்லை.

அப்போது வராண்டாவில் சத்தம் கேட்டது. தன் முறைக்காகக் காத்திருந்த பத்துக்கட்டம் ஜன்னலோரம் நடந்தாள். மூன்று அடி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை நடை. பிறகு செருப்பை மாட்டி, ஏழு அடி, டப் டப்பென்று. மொத்தம் பத்து. திரும்பி வந்து மறுபடியும் அதே.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. பத்துக் கட்டம் போட்டேன். மூன்றை அடித்தேன். "ஏழு கட்டத்துல எண்பத்து நாலு செடி. ஒரு கட்டத்துல?" பிள்ளைகள் பன்னிரண்டு என்றார்கள். நான் கேட்கும் முன்பே நூற்றிருபது என்றும் சொல்லிவிட்டார்கள்.

தலைமையாசிரியை அவளை உள்ளே கூப்பிட்டார். "வராண்டாவுல என்ன செஞ்சீங்க? இவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீங்களா?"

ஆமாம் என்றிருந்தால் வேலை அவளுக்கு. நான் வாயைத் திறந்திருந்தாலும் அவளுக்குத்தான். நான் திறக்கவில்லை.

"எனக்கு நிக்க வராது மேடம். சும்மா நடந்தேன்" என்றாள்.

நிற்கத் தெரியாதவள் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பாள் என்று அவளை அனுப்பிவிட்டு, வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வெளியே வந்து அழுதேன்.

"எதுக்குடி அழுகுற? எனக்கு வேற எடம் கெடைக்கும். நீ கல்யாணமாகிப் போயிட்டா, ரூம்ல நான் யாரு கூடப் பேசிக்கிட்டே நடக்குறது?" என்றாள்.

எனக்கு அந்தப் பள்ளியில் இது நாலாவது வருஷம். நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகை எங்கள் தலைமையாசிரியை மேசைக்கும் வாராவாரம் வருகிறது. அன்று அவள் சும்மா நடக்கவில்லை, மேடம்.