பத்தின் தலையில் குட்டி ஐந்து

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் மொய்னுதீன் முதல்முறையாகப் பரீதாவை ஜெயிக்கப் போகிறார். ஆயுதம், கையிலிருந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்தில் மச்சான் ஹாதியின் கல்யாண விருந்து. பிரியாணி என்றால் மொய்னுதீனுக்கு உயிர். ஆனால் சனிக்கிழமை விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் ஐம்பது கிலோ வெங்காயம் வாங்கிச் சுமந்துவரும் வேலையை வீட்டு மாப்பிள்ளையான அவர் தலையில் கட்டியிருந்தார்கள். நல்லவேளை, போன வாரக் காய்ச்சல் கைகொடுத்தது.

ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 2.4 × 10⁵ என்றிருந்தது. அதாவது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். கல்லுக்குண்டு உடம்பு! மொய்னுதீன் ஓரத்தை நேர்த்தியாக மடித்தார். பத்தும், அதன் தலையில் உட்கார்ந்திருந்த குட்டி ஐந்தும் பின்பக்கம் போய்விட்டன. மிச்சம் 2.4. என்ன மூளை, என்ன மூளை என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டார்.

"பரீதா, ஒன்றரை லட்சமாவது இருக்கணுமாம். எனக்கு ரெண்டு பாயிண்ட் நாலுதான் இருக்கு."

"லட்சமா?"

"வெறும் ரெண்டு பாயிண்ட் நாலு. முழுசா மூணுகூட இல்ல."

"ஐயையோ! அப்ப மார்க்கெட்டு?"

"எப்படிம்மா போறது?"

"போவவே வேணாம். படுங்க."

ஜெயித்துவிட்டார்! கால்மேல் கால் போட்டுப் படுத்தார். பரீதா ஒரு டம்ளர் பப்பாளி இலைச் சாறும், மடித்த சீட்டு ஒன்றும் கொண்டுவந்தாள்.

"எத்தினி டம்ளர்னு எழுதியிருக்கேன். குடிச்சு முடிச்சாதான் பிரியாணி. சம்மதமா?"

சீட்டில் '1' என்றிருந்தது.

"சம்மதம்!"

கசப்பு காதுவரை ஏறியது. போகட்டும், ஐம்பது கிலோவுக்கு ஒரு டம்ளர், கொள்ளை லாபம்.

பரீதா சீட்டின் மடிப்பைப் பிரித்தாள். 1 × 10¹.

"மீதி ஒம்போது டம்ளர் அடுப்படியில இருக்கு."

"இதெல்லாம் உனக்கு யாரு..."

"எட்டாவது படிக்கிற நம்ம சானியாதான் சொல்லிக்குடுத்தா. எங்க போன் நம்பர் கேட்டாலும் என் நம்பரைத்தானே குடுப்பீங்க? ரிப்போர்ட்டு காலையிலயே எனக்கு வந்துடுச்சு, மடிக்காம."

மொய்னுதீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். திறந்தால் சாறு ஊற்றுவாள்.

"மார்க்கெட்டா, சாறா?"

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார், உடம்பில் இரண்டே புள்ளி நான்கு பிளேட்லெட் உள்ள உலகின் ஒரே மனிதர்.