புகையை எரித்த பொயிலர்

குளிருக்குப் பயந்த மனிதர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். குளிரே இல்லாத ஊரில் குளிரோடு மல்லுக்கு நின்றவர் எங்கள் பொயிலர் ஒருவர்தான்.

கற்பிட்டிப் பக்கம், காலையில் பரப்பிய மீன் கண்ணெதிரே கருவாடாகிற ஊர் எங்களது. நாட்டில் சண்டை முடிந்த கையோடு இத்தாலியிலிருந்து திரும்பியவர் அவர். அங்கே மலைப்பக்கத்து வீடுகளுக்கு விறகுப் பொயிலர் பூட்டுகிற வேலை. வரும்போது கப்பலில் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ஆள் உயர இரும்பு அலுமாரி போல இருந்தது. அதில் சூடாகும் தண்ணீர் குழாய் வழியே ஓட, அறைக்கு அறை சுவரில் சூடு தரும் தகடுகளை மாட்டினார். மின்விசிறி மாட்ட மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஊர் அவருக்குப் பட்டப்பெயர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு ஊசி வைத்த ஒரு சின்ன மீற்றர் இருக்கும். யார் வீட்டு விறகைக் கண்டாலும் குத்தி ஈரம் பார்ப்பார்.

"ஈரம் கூட, அக்கா. ரெண்டு வருசம் காயவிட்டு எரியுங்க."

"அப்ப மத்தியானச் சோறு?"

அதற்குள் அவர் அடுத்த வீட்டு விறகைக் குத்திக்கொண்டிருப்பார். கோயில் திருநாளுக்கு அடுக்கிய விறகில் பாதியை இப்படி இழுத்துப் போட்டார். அன்று மதியச் சாப்பாடு பின்னேரத் தேத்தண்ணியோடு வந்தது.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்காதது ஒரே ஒரு கதையைத்தான். "இது விறகை மட்டும் எரிக்காது. புகையையும் பிடிச்சு ரெண்டாந்தரம் எரிக்கும். புகைக்கூண்டால புகை வராது" என்பார். பொயிலரின் பெயரிலேயே பொய் இருக்கிறது என்று சந்தியில் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து என்னைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. காரணம் கேட்காதீர்கள், எனக்கே விளங்கவில்லை. கருவாட்டு வியாபாரியான என் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "விசரனுக்கு, முழுப் பைத்தியத்துக்கு என்டாலும் பொம்பிளை குடுப்பன். பொய்க்காரனுக்குக் குடுக்க மாட்டன்."

மறுநாளே பொயிலர் வாசலில் நின்றார். "வந்து பாருங்க, மாமா."

"இப்பவே மாமா என்டு கூப்பிட வேணாம்."

வைகாசி வெயிலில் குடும்பமாகப் போனோம். அடுப்பு மூட்டியதும் கூண்டில் கரும்புகை கிளம்பியது.

"இந்தா, புகை," என்றார் அப்பா.

"பத்தவைக்கக்குள்ள கொஞ்சம் வரும். பொறுங்க."

கதவை மூடி எதையோ திருகினார். உள்ளே உறுமல் கேட்டது. புகை மெலிந்து, மெலிந்து, இல்லாமலே போனது. அப்பா நெற்றியில் கைவைத்து அண்ணாந்து நின்றார். காகம்கூட வந்து பார்த்துவிட்டுப் போனது.

"சூட்டையும் பாருங்க" என்று உள்ளே கூட்டிப்போய் யன்னல்களைச் சாத்தினார். திறந்தால் விறகு நட்டமாம். அம்மாவின் பவுடர் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. சின்னம்மா செபமாலையை எடுத்தார். எல்லாரும் யன்னல், யன்னல் என்று தவித்தார்கள்.

அப்பா சட்டையைப் பிழிந்தபடி சொன்னார்: "தம்பி, நீர் பொய்க்காரன் இல்ல."

"ஓம், மாமா."

"விசரன்தான்."

"ஓம், மாமா."

இந்தமுறை அந்த மாமாவை அப்பா மறுக்கவில்லை. எல்லாரும் முற்றத்துக்கு ஓடினார்கள். நான் மட்டும் அந்தக் கொதிக்கிற அறையில் வியர்த்து வழிய இருந்தேன். எனக்கு எழும்ப மனம் வரவில்லை.