நாகலெட்சுமியை ஹட்டனுக்கு அனுப்ப முடியாத காரணங்கள்

ராகலை,
1964 டிசம்பர் 12

மதிப்பிற்குரிய மச்சான் அழகுமுத்து அவர்களுக்கு,

தங்கள் தங்கை மீனம்மாவின் வீட்டுக்காரன் முத்துலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும், சளி நீங்கலாக, சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சளியும் இல்லாமல் சுகமாயிருக்க முருகன் துணை செய்வானாக.

எங்கள் மகள் நாகலெட்சுமிக்கு அங்கே ஹட்டனில் பள்ளிக்கூட விடுதியில் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய உபகாரம். ஆனால் அனுப்ப இயலாது. தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று காரணங்களை விவரமாக எழுதுகிறேன். படித்து முடித்ததும் நான் சொல்வதுதான் நியாயம் என்பீர்கள்.

பிள்ளையின் நிலைமை தங்களுக்குத் தெரிந்ததுதான். பிறக்கும்போதே முதுகெலும்பு அடியில் மூடாமலிருந்து, கொழும்பில் கத்தி வைத்து மூடினார்கள். பதினோரு வயதாகியும் இரும்புப் பட்டை வைத்த சப்பாத்தும் இரண்டு கைக்கட்டையும் இல்லாமல் நடக்க முடியாது. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. மூத்திரம் முட்டுவதும் தெரியாது. மூன்று மணி நேரத்துக்கொரு தரம் கடிகாரம் பார்த்துப் போய், அடிவயிற்றை அழுத்தித்தான் இறக்க வேண்டும். இதையெல்லாம் கொழும்பு டாக்டர் அவளுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு, இனிமேல் பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று என்னிடம் சொன்னார். எவ்வளவு தூரம் தள்ளி என்று சொல்லவில்லை. சிரமம் அங்கேதான் ஆரம்பித்தது.

நேரம் பார்க்கும் வேலையைப் பிள்ளைத் தலையில் கட்டலாமா என்று நானே ஓர் அலாரம் கடிகாரத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். போன மாதம் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் தோட்டத்துத் துரை எல்லோரையும் நிற்க வைத்து, தேயிலைக் கொழுந்து முற்றிப்போய் வருவதைப் பற்றிக் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தபோது என் நெஞ்சில் மணி அடிக்கத் தொடங்கியது. அமுக்கினேன், நிற்கவில்லை. பேச்சு முடிந்ததற்குத்தான் மணி என்று நினைத்துச் சனங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்கள். துரை என்னைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையாக இருபது வருடம் வேலை பார்த்தவன், அன்று துரைக்கு ஒரு சலாம் கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடினேன். நாகலெட்சுமி கதவருகே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "நான் அப்பவே போயிட்டு வந்துட்டேம்பா," என்றாள். "நீங்கதான் ரொம்ப நேரமா அடக்கிக்கிட்டு இருக்கிற மாதிரி தெரியுது. போயிட்டு வாங்க." தகப்பனிடம் பேசும் பேச்சா இது?

அடுத்தது பாதம். மச்சான், ஒன்றை இதுவரை தங்களுக்கு எழுத மனம் வரவில்லை. போன வருடப் பனியில், பிள்ளைக்குக் குளிருமே என்று அவள் கால்களை அடுப்பருகே நீட்டி வைத்தவன் நான். அவளுக்குச் சூடு தெரியவில்லை. தெரியக்கூடிய நான் பேசிக்கொண்டிருந்துவிட்டேன். புண் ஆற இரண்டரை மாதம் பிடித்தது. ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை அவள். அன்றிலிருந்து தினம் சாயந்தரம் உள்ளங்காலுக்குக் கண்ணாடி பிடித்து, ஓரம் முதல் விரலிடுக்கு வரை தானே பார்க்கிறாள். எனக்கு மனம் ஆறுமா? அவளுக்கு முன்னால் நான் ஒரு தரம் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில் போன வாரம் குதிகாலில் கருநீலமாக ஒரு புண். "அப்பா, அது வந்து..." என்றாள். அவளைப் பேச விடாமல், சப்பாத்தையும் கட்டைகளையும் கையில் திணித்து, முதுகில் தூக்கிக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். ஆஸ்பத்திரி வாசற்படியில் வழுக்கி விழுந்தேன். பிள்ளை என் மேலேயே விழுந்ததால் அவளுக்கு ஒன்றுமில்லை. மருந்து கொடுக்கிறவர் ஈரப்பஞ்சால் துடைத்தார், புண் போய்விட்டது. நான் ஆள் பேர் பதியும் செக்ரோல் எழுதுகிற மை, என் விரலிலிருந்து ஒட்டியது! பிறகு என் கணுக்காலைப் பார்த்து, இதற்குத்தான் கட்டுப் போட வேண்டும் என்றார். திரும்பும்போது என்னை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். நாகலெட்சுமி முன்னால் கட்டையூன்றி நடந்துகொண்டே, "அண்ணே, அங்க கல்லு வழுக்கும், பாத்துத் தூக்கிட்டு வாங்க," என்று வழி சொன்னாள்.

இதற்குப் பிறகும் மீனம்மா கேட்கவில்லை. "ஒரு நாள் தனியா விட்டுப் பாப்போங்க," என்றாள். நேற்று அவள் கொழுந்து பறிக்கப் போனாள், நான் உடப்புசல்லாவைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, வீட்டுப் பின்னால் மாட்டுப்பட்டி ஓரம், கணுக்கால் கட்டோடு, சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்று சன்னல் வழியே பார்த்தேன். காலை எட்டு மணியிலிருந்து மழை. பிள்ளை சமைத்தாள், சட்டியை இறக்க மணைக்கட்டையை இழுத்து வைத்து உட்கார்ந்துகொண்டாள். நேரத்துக்குக் கக்கூசுக்குப் போனாள். துணி அலசினாள். மூன்று மணிக்கு, தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் ராக்காயி புல்லறுக்க வந்தவள், சாக்குக்குள் இருந்த என்னைப் பார்த்துவிட்டு, "களவாணி! ஓடியாங்க!" என்று கத்தினாள். லயமே கம்போடு வந்தது. முதல் அடி விழுந்தும் விட்டது. அப்போது நாகலெட்சுமி வாசலுக்கு வந்து, "அடிக்காதீங்க, அது எங்கப்பா," என்றாள். "காலையில இருந்து அங்கதான் நிக்கிறாரு. உள்ள கூப்பிட்டா வெக்கப்படுவாருன்னு விட்டுட்டேன். அப்பா, தேத்தண்ணி ரெண்டு தரம் ஊத்தி வச்சு ஆறிப்போச்சு. இப்பவாவது வாங்க."

ஆகையால் மச்சான், இப்படிப்பட்ட பிள்ளை ஹட்டனில் தனியாக எப்படிச் சமாளிக்கும் என்பதைத் தாங்களே யோசித்துப் பாருங்கள். விடுதி அம்மாவிடம் இடம் வேண்டாமென்று தன்மையாகச் சொல்லிவிடவும். அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
முத்துலிங்கம்

பி.கு. உறையில் போடுமுன் மீனம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "இதப் படிச்சா எங்கண்ணன் புள்ளைய வீட்டுல வச்சிக்கச் சொல்லுவாரா, இல்ல உங்கள ஆஸ்டல்ல சேக்கச் சொல்லுவாரா?" என்று கேட்டாள். கோபம் வந்தது. தவறு எங்கே என்று மேலிருந்து கீழாக மறுபடி வாசித்தேன். பிள்ளை செய்த தவறு என்று ஒன்றுகூட அகப்படவில்லை. தாங்கள் அனுப்பியிருந்த விடுதி விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஜனவரி ஏழாந்திகதி வருகிறாள். நுவரெலியா வரைக்கும் கூட வர எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாள். அங்கிருந்து தனியாக பஸ் ஏறுவாளாம். ஹட்டனில் இறங்கும்போது கையைப் பிடிக்காதீர்கள், கேட்டால் மட்டும் பெட்டியைத் தூக்குங்கள். வந்து சேர்ந்ததற்குத் தந்தி அடிக்க வேண்டாம், வீண் கலவரம், என்கிறாள். தாங்கள் அவளுக்குத் தெரியாமல் அடித்துவிடுங்கள்.