ஒரு படிப் பாலில் அறுபது கோடி

“ஏன்னா, பாலை எதிர்ல வெச்சுண்டு என்ன ஜபம்? காப்பி கலக்க வேண்டாமா?” என்றாள் ராஜலக்ஷ்மி.

சுந்தரராமன் காதில் அது விழவில்லை. பெங்களூரில் ஒரு விஞ்ஞானக் கழகத்தில் அவன் தற்காலிக குமாஸ்தா. முந்தின நாள் அங்கே பேசிய டாக்டர் ஒருவர் போட்ட கணக்கு அவனைத் தூங்கவிடவில்லை. ஒரு சொட்டுப் பாலில் மூன்று பெருக்கல் பத்தின் நான்காம் அடுக்குக் கிருமிகள். ஒரு படியில் இரண்டு பெருக்கல் பத்தின் நான்காம் அடுக்குச் சொட்டுகள். படி முழுக்க எத்தனை?

மூன்றையும் இரண்டையும் பெருக்கினான், ஆறு. நான்கையும் நான்கையும் பெருக்கினான், பதினாறு. ஆறுக்குப் பக்கத்தில் பதினாறு சுழி போட்டவன் பிரமித்துப்போனான்.

“ராஜி! நம்மாத்துப் பால்ல அறுநூறு கோடி கோடி பூச்சி இருக்குடி!”

ராஜலக்ஷ்மி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் ஓடினாள். அடுத்த வீட்டு சுப்புலக்ஷ்மிக்குச் செய்தி போயிற்று. அதற்குள் சுந்தரராமன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“தப்பு, தப்பு! பெருக்கறச்சே அடுக்கைக் கூட்டணும். நாலும் நாலும் எட்டு. வெறும் அறுபது கோடிதான்.”

“வெறுமா? தேசம் பூராவும் சேத்தே முப்பத்தஞ்சு கோடி ஜனம்னு ஸென்ஸஸ்ல போட்டிருந்தானே!”

“காய்ச்சினா அத்தனையும் செத்துடும்டி.”

“அறுபது கோடிப் பொணத்தையா குடிக்கச் சொல்றேள்? நாம என்ன ஜாதி, என்ன ஆசாரம்!”

“பூச்சின்னா எல்லாம் கெட்டது இல்லே. பால் தயிராறதே அதுகளாலதான். தயிர்ல இன்னும் ஜாஸ்தி இருக்கும். எவ்வளவுன்னு பாக்கட்டுமா?” என்று ஆவலோடு பென்சிலைச் சீவினான்.

தயிர்ச் சட்டியும் கொல்லைக்குப் போயிற்று. மத்தியானத்துக்குள் அவர்கள் குடியிருந்த ஜோகுபாளையத்தில் பதினோரு வீடுகள் பாலை நிறுத்திவிட்டன.

நாலு மணிக்கு மேலதிகாரி வெங்கடராமன் வந்தார். சுந்தரராமனின் வேலை நிரந்தரமாவது அவர் கையெழுத்தில் இருந்தது. ராஜலக்ஷ்மி கொண்டுவந்த டம்ளரில் கன்னங்கரேலென்று டிகாக்ஷன் மட்டும் இருந்தது. ஒரு வாய் குடித்தவர் முகம் கோணிற்று.

“என்ன ஓய், கஷாயமா? யாருக்கு ஜுரம்?”

சுந்தரராமன் வியர்த்தபடி காகிதத்தை நீட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

“கணக்கு சரியாத்தான் இருக்கு. அடப்பாவி! கார்த்தாலேந்து நான் நாலு டம்ளர் குடிச்சிருக்கேனே!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சமயம் வாசலில் பெரிய கூச்சல். பால்காரர் முனியப்பா குடத்தோடு நின்றிருந்தார். பின்னால் பாதித் தெரு.

“இன்னா சாமி இது அன்யாயம்? ஏதோ கணக்குப் போட்டு என் பொழப்புல மண்ணைப் போட்டியாமே!”

சுந்தரராமன் சொட்டு, படி, அடுக்கு என்று ஒவ்வொன்றாக விளக்கினான். முனியப்பா தலையைச் சாய்த்து, விரல் மடக்கி, வரி விடாமல் கேட்டுக்கொண்டார். முடிவில் அவர் முகம் தெளிந்தது.

“அட, முழுப் படியும் பாலா இருந்தாத்தானே சாமி அறுபது கோடி? நான் ஊத்துறதுல முக்காப் படி தண்ணி! பதினஞ்சு கோடிக்கு மேல ஒரு பூச்சி இருந்தாலும் என்னைக் கேளு!”