வட்டிலப்பம் மட்டும் நனையவில்லை

பொய் சொல்லவும் ஒரு தகுதி வேண்டும். எனக்கு அது கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த எனக்கு, ஒரேயொரு பொய்யைக் கழன்று விழாமல் வைத்திருக்கத் தெரியவில்லை.

போர்க் காலத்தில் இயக்கத்தில் எட்டு வருடம் சாரதியாக இருந்தேன். உழவு இயந்திரம், பிக்கப், கொஞ்ச நாள் கதவே இல்லாத ஒரு லொறி. பிறகு தடுப்பு முகாம், புனர்வாழ்வு எல்லாம் முடிந்து பாண்டிருப்புக்கு வந்தபோது, என்னைக் கண்டால் ஊரே ஒரு அடி தள்ளி நின்றது. (தெரு நாய் ஒன்று மட்டும் பயப்படாமல் கிட்ட வந்து கடித்தது.) அண்ணன் தன்னுடைய பழைய ஓட்டோவைத் தந்தார். ஓட்ட வாகனம் வந்துவிட்டது, ஏறத்தான் ஆள் இல்லை. இயக்கத்தில் இருந்தவள் என்றால் யார் பிள்ளையை ஏற்றி அனுப்புவார்கள்?

அதனால்தான் பக்கத்து முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதில் ஹலீமா ராத்தாவிடம் (ராத்தா என்றால் அங்கே அக்கா) வேலை கேட்கப் போனபோது, அந்த எட்டு வருடமும் குவைத்தில் வீட்டு வேலை செய்தேன் என்று அளந்துவிட்டேன். தன் இரண்டு மகள்மாரையும் அயல் வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்க அவர் ஒரு பெண் சாரதியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டம் கிடைத்தால் நான் பிழைத்தேன். கிடைக்காவிட்டால் ஓட்டோவை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

ராத்தாவுக்கு ஜெமீலா பெரியம்மா என்று ஒரு மூத்த சகோதரி இருப்பதையும், அவர் உண்மையாகவே பன்னிரண்டு வருடம் குவைத்தில் இருந்தவர் என்பதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் என்னைக் கண்டதும் அரபியில் ஏதோ கேட்டார்.

"ஓம் பெரியம்மா, ரெண்டு பேர்" என்றேன்.

(அவர் கேட்டது சுகமாக இருக்கிறாயா என்று.) பெரியம்மா என்னை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தார்.

"வாற வியாழக்கிழமை என்ட மூத்த மகன்ட கலியாணத்துக்குச் சம்மாந்துறைக்குப் போகணும், பொண்ணு ஊட்ட" என்றார் ராத்தா. "எங்க ரெண்டு பேரையும் பத்திரமாக் கொண்டு போய்ச் சேத்தயெண்டா, மறுகா பள்ளிக்கூட ஓட்டம் ஒனக்குத்தான் புள்ள."

வியாழக்கிழமை காலை ஓட்டோவைக் கழுவி, வெள்ளி ரிப்பன் கட்டி, மணப்பெண்ணைப் போல் கொண்டுபோய் நிறுத்தினேன். இருவரும் புதுச் சேலையும் முக்காடுமாக ஏறினார்கள். பெரியம்மாவின் மடியில் ஒரு பெரிய தட்டு, அது நிறையக் கலியாணத்து இனிப்பு, வட்டிலப்பம்.

"நாப்பது முட்டை உடைச்சுப் போட்ட. ஆட்டாம ஓட்டு" என்றார்.

காரைதீவுச் சந்தியில் திரும்பி மாவடிப்பள்ளியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். நான் ஆட்டாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் இதே ஓட்டோவில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள் என்று மனக்கோட்டை வேறு. அப்போதுதான் அம்பாறைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஹெலிகொப்டர்.

யாரோ ஒரு மந்திரி எதையோ திறந்து வைக்கப் போகிறார் என்பது பிறகு தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் என் கைகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஓட்டோ தானாகப் பாதையை விட்டு இறங்கி வாய்க்கால் ஓரத்து மருத மரத்தின் கீழ் போய் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே பாய்ந்தேன்.

"எறங்குங்க! கானுக்குள்ள படுங்க! தலைய தூக்க வேணாம்!"

அது நானே கேட்டுப் பல வருடமாகியிருந்த என் குரல். கலியாணத்துக்குப் புறப்பட்ட இரண்டு பெண்களும் மறுபேச்சில்லாமல் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார்கள்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. மினுங்குவது மேலே தெரியும் என்று வெள்ளி ரிப்பனைப் பிய்த்து எறிந்தேன். மரத்தில் இலையோடு குழை முறித்து ஓட்டோவின் கூரையை மூடினேன். ஹெலிகொப்டர் தன்பாட்டில் போய்விட்டது. வரம்பில் மண்வெட்டியோடு நின்ற ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன தங்கச்சி, ஓட்டோ குழை தின்னுமா?"

அப்போதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஹலீமா ராத்தா முழங்கால் சேற்றில் குந்தியிருந்து கலிமா ஓதிக்கொண்டிருந்தார். ஜெமீலா பெரியம்மா தண்ணீருக்குள் மல்லாந்து கிடந்தார். அவருடைய இரண்டு கைகள் மட்டும் மேலே இருந்தன. கைகளில் தட்டு. வட்டிலப்பத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

"அது வந்து… குவைத்தில…" என்று தொடங்கினேன்.

"குவைத்தில ஹெலி வந்தா ஆரு புள்ள கானுக்குள்ள படுத்த?" என்றார் பெரியம்மா, படுத்தபடியே.

"இயக்கமா?" என்று கேட்டார் ராத்தா.

"ஓம்" என்றேன். வேறு பொய் கைவசம் இல்லை.

ராத்தா முக்காட்டால் முகத்தைத் துடைத்தார். "எங்கட கூடப்பொறந்த காக்காவ ஒங்கட ஆக்கள்தான் கொண்டு போன. வயலுக்குப் போன மனிசன். அடக்கிறத்துக்கு மையித்துக் கூட வரல்ல."

நான் செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அந்தப் பக்கத்தில்தானே நின்றேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கம்தான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க ராத்தா. உங்கள இறக்கி விட்டிட்டு நான் போயிர்றன்" என்று அழுதேன்.

ராத்தா சேலையின் சேற்றைப் பிழிந்துகொண்டிருந்தார். பெரியம்மாதான் பேசினார். "ஹலீமா, இவள் நம்மள விட்டுட்டு ஓடல்ல. நம்மளத்தான் முதல்ல எறக்கின. பொய்தான் ஒழுங்காச் சொல்லத் தெரியா." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கத்தி முடிக்க முன்னமே நான் படுத்திட்டன் புள்ள. எங்களுக்கும் பழகின வேலைதானே. அழுகைய நிப்பாட்டிட்டு இந்தத் தட்டைப் புடி, கை விறைக்கிது!"

பெண் வீட்டில் சேறு சொட்டச் சொட்ட இறங்கினோம். என்ன நடந்தது என்று எல்லாரும் ஓடி வந்தார்கள். "மாடொண்டு குறுக்கால வந்திட்டு. இந்தப் புள்ள கெட்டிக்காரி, கானுக்குள்ள விட்டு மாட்டையும் காப்பாத்தி எங்களையும் காப்பாத்திட்டாள்" என்றார் பெரியம்மா, கண்ணும் இமைக்காமல். (பொய் என்றால் அப்படிச் சொல்ல வேண்டும்.) மாற்றுச் சேலை வந்தது, வட்டிலப்பம் முழுதாக மேசைக்குப் போனது.

மூன்று நாள் ராத்தாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அண்ணனிடம் கொடுக்க ஓட்டோவைத் துடைத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை விடியக் கைபேசி அடித்தது.

"எங்க நிக்கிற? புள்ளைகள் சப்பாத்தும் போட்டுட்டுக் காத்திட்டிரிக்கி" என்றார் ராத்தா. வைக்கப் போனவர் நிறுத்திச் சொன்னார்: "காக்காட கதை வேற, ஒன்ட கதை வேற. யோசிச்சுப் பாத்திட்டுத்தான் எடுக்கிறன். ஆனா ஹெலி வந்தா ஓட்டோவ நிப்பாட்டப்படாது."

அந்தப் பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விட்டார்கள். அன்றைய மாப்பிள்ளையின் மகள் இப்போது என் ஓட்டோவில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வீட்டுக் கலியாணங்களில் வட்டிலப்பம் மேசைக்கு வந்தால், "இது கானுக்குள்ள போய் வந்ததா, நேரா வந்ததா?" என்று யாராவது கேட்காமல் கரண்டியைத் தொடுவதில்லை. வானத்தில் சத்தம் கேட்டால் என் ஓட்டோப் பிள்ளைகள், "அக்கா, படுக்கவா?" என்று கூட்டாகக் கத்துவார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கை வியர்க்கும். சிரித்துக்கொண்டே ஓட்டுவேன்.

போன வாரம் மாப்பிள்ளையின் அந்த மகள் வீட்டு வாசலில் இறங்கி முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"ஹெலி போனதே அக்கா, நீங்க திரும்பிக் கூடப் பாக்கல்ல!"

"எப்ப போன?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குக் கேட்டிருக்கவில்லை. அப்படியே ஓட்டோவில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

வாசலில் கதிரை போட்டு இருந்த பெரியம்மாவிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று என் தலையைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்குக் கேட்ட புள்ள. கையில தேத்தண்ணிக் கோப்பை இருந்த. தூக்கிப் புடிச்சிட்டுத்தான் இருந்தன்."