அந்தூரியத்துக்கு மீன்வெள்ளம்

1997 ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த ஞானையன், வேட்டியைக்கூட மாற்றாமல் ஒரு பிரகடனம் செய்தார். இந்த வருஷம் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் பூக்கண்காட்சியில் அந்தூரியம் கோப்பை இந்த வீட்டுக்குத்தான். கேட்பதற்கு அங்கே இருந்தது அவர் மனைவி தங்கபாய் மட்டும். அவள் ஆப்ப மாவைக் கலக்கிக்கொண்டே தலையாட்டினாள்.

போன வருஷக் கோப்பை பக்கத்து வீட்டு ராஜமணிக்குப் போயிருந்தது. ராஜமணி அதை ஜன்னலில், தெருவைப் பார்த்து வைத்திருந்தார். மலையாள ஊரான நேமத்தில் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் போகவேண்டும். ஞானையனும் தினமும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போனார். செக்ரட்டேரியட்டில் ஒரு செக்ஷனையே கட்டி மேய்க்கிற ஆபீசர். ஒரு எல்.ஐ.சி. ஏஜெண்டிடம் தோற்றதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

செடி வந்தது. சிவப்பு ஜாதி. பின்முற்றத்தில் பச்சை வலைப் பந்தல் எழுந்தது. தொட்டியில் செங்கல் துண்டு, மரக்கரி, தேங்காய் மட்டைத் துண்டு. சுற்றிலும் நனைத்த சாக்கு. ஈரம் எப்போதும் இருக்கவேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. பெற்ற பிள்ளை பிபினுக்குக்கூட அவர் இத்தனை பார்த்ததில்லை. பிபின் இப்போது பெங்களூரில் வேலையாய் இருந்ததால் புகார் செய்ய ஆளில்லை.

"இது மத்த பூ மாதிரி ஒரு சீசனோட போறதில்லை, கேட்டியா," என்றார் மனைவியிடம். "ஒரு தடவை வச்சா பதினைஞ்சு வருஷம் நிக்கும்."

"பதினைஞ்சா," என்று தங்கபாய் ஆச்சரியப்பட்டாள்.

பிப்ரவரியில் ஆபீஸ் காண்டீனில் ஒருவர் ரகசியம் சொன்னார். அந்தூரியத்துக்கு மீன்வெள்ளத்தைப்போல, அதாவது மீன் கழுவிய தண்ணீரைப்போல, ஒரு மருந்து கிடையாதாம். அன்று சாயங்காலமே வீட்டில் உத்தரவு பிறந்தது. இனி மீன் கழுவுகிற தண்ணீரில் ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகக்கூடாது. வாளியில் பிடித்து, பத்து மணிவரை தெளியவிட்டு, ஒரு கப்புக்குப் பத்து கப் நல்ல தண்ணீர் கலந்து ஊற்றவேண்டும். பத்து மணிக்கு அவர் ஆபீஸில் இருப்பார். ஆகவே ஊற்றுகிற வேலை தங்கபாய்க்கு. அவள் மறுப்பே சொல்லவில்லை. இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் இப்படி ஒரு பணிவை அவர் பார்த்ததில்லை. அப்போதே உஷாராகியிருக்கவேண்டும்.

அடுத்த நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் நாலு இலை நுனி கருகிக் கிடந்தது. ஞானையன் பின்முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரணை நடத்தினார்.

"மீன்வெள்ளம் ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

"எப்படிக் கழுவுனே?"

"எப்பவும் கழுவுற மாதிரிதான். கல்லுப்பு போட்டு."

"உப்பா? எட்டி, உப்பு பட்டா செடி பட்டுப்போகாதா?"

"உப்பு போடாம மீன் கழுவ எனக்க கைக்கு வராது. எங்க அம்மைக்க வீட்டில அப்படித்தான் படிச்சது. நீங்க படிச்சவரு. உப்பு போடாம எப்படிண்ணு ஒருநாள் காட்டித் தாங்க, நான் பாத்துப் படிச்சுக்கிடுதேன்."

படிச்சவரு என்ற சொல் ஞானையனின் காதில் தேனாய்ப் பாய்ந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மீன்காரி கூடையை இறக்கியதும் லுங்கியை மடித்துக் கட்டி, கிணற்றடியில் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்தார். சாளை மீன். செதிலை உரசி, செவுளைப் பிடுங்கி, ஏழு தண்ணீரில் அலசினார். உப்பு ஒரு கல் இல்லை. தங்கபாய் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, தனக்கு இந்த சுத்தம் ஜென்மத்துக்கும் வராது என்று ஒப்புக்கொண்டாள்.

அன்றோடு அரிவாள்மணை கைமாறியது.

அதுவரை வாரத்துக்கு இரண்டு நாள் மீன். இப்போது ஐந்து நாள். அதுவரை பெரிய மீன், நாலு வெட்டில் வேலை முடிந்துவிடும். இப்போது நெத்தோலி. சின்ன மீனின் தண்ணீருக்குத்தான் சத்து அதிகம் என்று தங்கபாய் எங்கேயோ கேட்டிருந்தாள். ஒவ்வொரு நெத்தோலிக்கும் தலை கிள்ளவேண்டும். ஞானையன் கிள்ளினார். ஆபீஸ் இல்லாத நாளில் மட்டும் அவள் மீனே வாங்கமாட்டாள். மனுஷனுக்கு ஓய்வு வேண்டாமா என்று கேட்டாள். அந்தக் கரிசனத்தை அவர் ஆபீஸ் காண்டீனில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

காலை நேரத்துப் பேப்பர் முன்பெல்லாம் அவருடையது. இப்போது தங்கபாய் பின்வாசல் படியில் காப்பியோடு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். அவர் கை ஓயாமல் கிள்ளிக்கொண்டிருந்ததால், முக்கியமான செய்தியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

ஞானையனுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. உள்ளபடியே பெருமையாக இருந்தது. செடி தளதளவென்று வந்தது. ஜூலையில் முதல் பூ. செப்டம்பரில் ஐந்து. இலையில் முகம் பார்க்கலாம். அவர் பார்த்தார், தலையும் சீவினார். தெருப்பூனைகள் நாலும் தினமும் தென்னைமரத்தடியில் கூடி மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அந்தூரியத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பூனைக்குக்கூட நம்ம செடி மேல் ஒரு மரியாதை என்று அவர் மதிலுக்கு மேலாக ராஜமணியிடம் சொன்னார். ராஜமணி விறுவிறுவென்று உள்ளே போனார்.

டிசம்பரில் கண்காட்சி. ஒன்பது பூவோடு ஞானையனின் தொட்டி நடுமேஜையில் நின்றது. கோப்பை அவருக்குத்தான். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வாங்கினவர் இருபது நிமிஷம் திருப்பித் தரவில்லை. மீன்வெள்ளத்தின் மகிமை, உப்பின் கொடுமை, ஏழு தண்ணீர், நெத்தோலியின் சத்து என்று எல்லாவற்றையும் மலையாளத்தில் பொழிந்தார். கழுவுவது என் சொந்தக் கைதான், பெண்களை நம்பி இதை விடமுடியாது என்று முடித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கைத்தட்டலில் பந்தல் அதிர்ந்தது. பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டார். நாளைக் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால் நேரில் செய்து காட்டுகிறேன் என்று ஞானையன் ஊரையே அழைத்தார்.

இறங்கும்போது நடுவராய் வந்திருந்த சொர்ணம்மாள், காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ரிட்டயரானவர், அவரை நிறுத்தினார்.

"மீன்வெள்ளம் ஊத்துனா பூனை வந்து தொட்டியைத் தோண்டிப் போட்டிருமே. எப்படிச் சமாளிச்சீங்க?"

பூனை மரியாதைக் கதையை ஞானையன் அவருக்கும் சொன்னார். சொர்ணம்மாள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தங்கபாயைப் பார்த்தார். இரண்டு பெண்களும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டார்கள்.

ஆட்டோவில் வரும்போது ஞானையனின் மடியில் கோப்பை இருந்தது. மனதில் பூனை இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டுவிட்டார்.

"தங்கபாய், அந்த மீன்வெள்ளத்தை எங்கே ஊத்துனே?"

"தென்னைக்கு."

"இந்தப் பத்து மாசமும்?"

"செடிக்குக் கிணத்து வெள்ளம்தான். முதல்ல ஒரே ஒரு நாள் உப்புப் போட்டுக் கழுவி ஊத்துனேன். அதான் நாலு இலை கருகிச்சே, நீங்க பாக்கலியா?"

ஞானையன் நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனை ஆயிரம் நெத்தோலித் தலைகள். கோபத்தில் மீசை துடித்தது. நாளை முதல் இந்தக் கை மீனைத் தொடாது என்றார். அரிவாள்மணையைத் தூக்கிப் பரணில் போட்டார். தங்கபாய் சரி என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்பதுதான் அவளிடம் உள்ள ஆபத்து.

மறுநாள் காலை ஏழு மணிக்கு கேட் தட்டும் சத்தம். கையில் பேப்பரோடு தெருவே நின்றது. பேப்பரில் கோப்பையோடு ஞானையன், கீழே நாலு பத்தி மீன்வெள்ளம். பதினோரு ஆண்கள் வந்திருந்தார்கள். அவர்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு பதினோரு மனைவிகள். எல்லோருக்கும் முன்னால் ராஜமணி, சொந்த அரிவாள்மணையோடு.

"சாரே, என்னை சிஷ்யனாச் சேத்துக்கணும்," என்றார் ராஜமணி. தலை குனிந்திருந்தது. ராஜமணியின் தலை குனிந்து ஞானையன் பார்ப்பது இதுவே முதல் தடவை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஞானையன் வாயைத் திறந்தார். டி.வி. மேல் இருந்த கோப்பை கண்ணில் பட்டது. ராஜமணியின் குனிந்த தலையையும் இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

"முதல் பாடம்," என்றார் கம்பீரமாக. "உப்பு ஒரு கல் கூடாது."

பரணிலிருந்து தானே அரிவாள்மணையை இறக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நெத்தோலிக் கூடை அங்கே ஏற்கெனவே தயாராய் இருந்தது. தங்கபாய் படியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தாள்.

"இனி எத்தனை நாளைக்குடி இது?" என்று மற்றவர்களுக்குக் கேட்காமல் பல்லைக் கடித்தார் ஞானையன்.

அவள் அவருடைய படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செடி பதினைஞ்சு வருஷம் நிக்கும்ணு நீங்கதானே சொன்னீங்க."